எமன் இருமினால்

அந்த ஆளுக்குப் பெண்களைக் கண்டாலே ஆகாது என்று பெரிய மேடம் முடிவு கட்டிவிட்டார்.

போர் விமானிகளின் பயிற்சிக்கூடத்துக்கு மேடம் தலைமைப் பயிற்சியாளராக மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கூடத்தில் நிஜ விமானம் கிடையாது. நாலு சுவருக்குள் ஒரு விமானி இருக்கை, அதைச் சுற்றி வளைந்த திரை. உட்கார்ந்தால் வானம், மலை, எதிரி விமானம் எல்லாம் கண்முன்னே வரும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர். உள்ளே இருப்பவர் எதிரியை மும்முரமாகத் துரத்தும்போது, இவர் சத்தம் போடாமல் ஒரு பட்டனைத் தட்டுவார். இன்ஜின் தீப்பிடிக்கும், அல்லது சக்கரம் இறங்க மறுக்கும். சமாளித்தால் மார்க். இல்லாவிட்டால் திரை சிவப்பாகும், ஆள் காலி.

அதனால் பிள்ளைகள் ஆபரேட்டருக்கு வைத்த பெயர் எமன்.

இன்று எமனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் பெரிய மேடம்.

முதல் பையன் எதிரியை நெருங்கினான். எமன் மைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் "க்கும்" என்று இருமினார். பிறகுதான் பட்டனைத் தட்டினார். தீ மணி அடிப்பதற்குள் பையனின் கண் எச்சரிக்கை விளக்குகளுக்குப் போய்விட்டது. எரிபொருளை மூடினான், தீயை அணைத்தான், பத்திரமாகத் தரையிறங்கினான். நல்ல மார்க்.

அடுத்த பையன். "க்கும்." அவனும் சமாளித்துவிட்டான். பின்னால் வந்த பையன்கள் எல்லாருக்கும் அதே கதை. இவருக்கு நெஞ்சில் சளி இல்லை, மனசில்தான் ஏதோ கள்ளம் என்று மேடத்துக்குப் புரிந்துபோயிற்று.

கடைசியாக அந்தப் பெண். அணியில் எட்டுப் பேர். ஒரே பெண் இவள்தான். மார்க்கிலும் இவள்தான் கடைசி. இன்றும் தவறினால் போர் விமானப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். சரக்கு விமானம் ஓட்டப் போக வேண்டியதுதான்.

எதிரியை அவள் குறிக்குள் கொண்டுவந்தாள். பெரிய மேடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இருமல் வரவில்லை. பட்டன் மட்டும் தட்டப்பட்டது.

மணி அலறியதும் அவள் திடுக்கிட்டாள். எதிரியை விட்டுவிட்டு விமானத்தை மேலே தூக்கினாள். எரிபொருளை மூடினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். அதற்குள் மலை வந்துவிட்டது. திரை சிவப்பானது.

பெரிய மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இவர் இருமறது உனக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"தெரியும் மேடம். எங்க எல்லாருக்குமே தெரியும்."

"உனக்கு மட்டும் இருமறதில்லைன்னு?"

"அதுவும் தெரியும்."

"அப்புறம் என்ன? உனக்கும் இருமச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?"

"எனக்கு வேணாம் மேடம்." அவள் தலையை நிமிர்த்தினாள். "யாருக்குமே வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன். பசங்ககிட்ட சொன்னேன், இவர்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. பசங்க என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க."

"இன்னையோட உன்னை எடுத்துடுவாங்க. அது தெரியுமில்ல?"

"எடுக்கட்டும் மேடம். இருமலைக் கேட்டுப் பாஸ் பண்றதுக்கு, நான் மூட்டை ஏத்திக்கிட்டே போறேன். அதுல எனக்கொண்ணும் கேவலமில்ல."

"இவ்வளவு வாய் பேசறியே, நேரா மேலிடத்துல ஒரு புகார் குடுத்திருக்கலாமே?"

அவள் பார்வை எமன் பக்கம் போய்த் தரைக்கு இறங்கியது.

மேடம் எமனிடம் திரும்பினார். "என்ன சார், இருமினது உண்மைதானே?"

"உண்மைதான் மேடம்." மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "பாவம், சின்னப் பசங்க. வேர்த்து விறுவிறுத்துப்போய் உக்காந்திருக்குதுங்க. தவறினா நீங்க எடுத்துடுவீங்க. ஏதோ என்னால ஆன உதவி."

"இந்தப் புள்ளயப் பார்த்தா மட்டும் பாவமா தெரியலையா? பொண்ணுன்னா அவ்வளவு இளக்காரமா? உங்க வேலைக்கே உலை வச்சுடுவேன், ஜாக்கிரதை!"

"தாராளமா வைங்க. ஆனா இவளுக்கு மட்டும் நான் இரும மாட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

எமன் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இவ என் பொண்ணு மேடம். இங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டா. நாளைக்கு நெசமாவே மேல போறப்ப யார் மேடம் இருமுவாங்க? இவ எனக்கு உயிரோட திரும்பி வரணும்."

பெரிய மேடத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளுக்காக இப்படி மனசைக் கல்லாக்கிக்கொண்ட மனிதரைப் போய் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கொடுத்துவைத்தவள் நீ என்று சொல்ல அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

அவள் கண்ணில் சொட்டு நீர் இல்லை. அப்பாவை நேருக்கு நேர் பார்த்தபடி கேட்டாள்:

"அப்போ, மத்த ஏழு பேரும் திரும்பி வர வேணாமாப்பா?"