ஆவர்பெக் வீட்டுச் சிவப்புக் கோடு

ஆவர்பெக் பெரியவர் காபிக் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என் காகிதச் சுருளை மேசையில் விரித்தார்.

நான்கு மீட்டர் நீளம். மறுமுனை மேசையைத் தாண்டி அவருடைய மருமகள் வீப்கேயின் மடியில் போய் விழுந்தது. அவள் பக்கத்தில் ராபின், தட்டிலிருந்த பிளம் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

பெரியவரின் ஒரே மகன், வீப்கேயின் புருஷன், ஆறு வருடம் முன்னால் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து நூற்றிருபது மாடுகளையும் கட்டி மேய்ப்பவள் வீப்கேதான். இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கும் ராபினுக்கும் கல்யாணம்.

இந்த வீட்டில் குடித்தனம் நடத்தப்போகும் ஜோடியின் பெயரைப் பெரிய வாசலின் உத்தரத்தில் செதுக்குவது வழக்கம். பெயர் ஏறிவிட்டால் பண்ணை அவர்களுக்கு. தச்சர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். பெரியவர் பிடிகொடுக்கவில்லை.

மருமகளும் வெளியாள், அவள் கட்டப்போகிறவனும் வெளியாள், பிறகு இதில் ஆவர்பெக் எங்கே இருக்கிறது என்பது அவர் கட்சி. கனடாவில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கும் தம்பி மகனுக்கு எழுதிவைக்கப்போவதாகச் சொல்லிவந்தார். அந்த மனிதர் மாட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் ரத்தம்.

அதை நிரூபிக்கத்தான் என்னைப் பிடித்தார். நான் சர்ச் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய பதிவேடுகளின் கோணல் எழுத்து ஊரில் எனக்கு மட்டும்தான் பிடிபடும். 1652லிருந்து எழுது, ரத்த வழியைச் சிவப்பு மையில் போடு, மற்றவர்களைக் கறுப்பில் போடு என்று சொன்னதும் அவரேதான்.

கிளம்பும்போது ஒரு குத்தலும் குத்தினார்.

"உங்க வீட்டு வம்சாவளிக்கு இவ்வளவு காகிதம் வேணாம் மெக்டில்ட். பஸ் டிக்கெட்டோட பின்பக்கமே போதும்."

நானும் சிரித்துவைத்தேன். அவருடைய தொழுவத்தில் முப்பத்தோரு வருடம் பால் கறந்தவள் என் அம்மா. அவள் செத்தபோது சவப்பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிய ஆறு அண்டைவீட்டாரில் இவரும் ஒருவர். வாய்தான் அப்படி.

இப்போது அவருடைய விரல் சிவப்புக் கோட்டின் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரையும் ராபினுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். முதல் தலைமுறை. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவதில் விரல் நின்றது.

எல்சபைன் ஆவர்பெக், 1741. அவளோடு சிவப்பு முடிந்திருந்தது. அதற்குக் கீழே கடைசிவரை கறுப்பு.

மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

இல்லை என்று விளக்கினேன். எல்சபைன் இந்த வீட்டுப் பெண். யான் என்பவன் அவளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். எங்கள் பக்கத்தில் பெயர் பண்ணையோடு போகும். வந்தவன் அவன் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு ஆவர்பெக் ஆவான். யானும் ஆனான். எல்சபைன் பிள்ளையில்லாமல் செத்தாள். யான் காத்தரீனா என்ற பெண்ணை மறுமணம் செய்தான். இரண்டு வெளியாட்கள். அவர்களுடைய மகன்தான் பெரியவரின் முப்பாட்டனுக்குப் பாட்டன்.

இந்த வழக்கம் அவருக்குத் தெரியாததா? அடுத்த வீடுகளில் யார் யார் வந்தேறிகள் என்று விரல்விட்டுச் சொல்வார். தன் வீட்டிலும் நடந்திருக்கும் என்றுதான் தோன்றவில்லை.



பெரியவர் எழுந்து வெளியே போனார். வாசல் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அங்கே, எல்லோருக்கும் மேலே, பழைய வீட்டை இடித்து இதைக் கட்டிய ஜோடியாக, யான், காத்தரீனா என்று செதுக்கியிருக்கிறது. எண்பத்தோரு வருடமாக அதன் அடியில்தான் நடந்து போய்வருகிறார்.

திரும்பி வந்தவர் அலமாரியிலிருந்து சாராயப் புட்டியை எடுத்தார். முதல் கோப்பையை ராபின் முன்னால் வைத்தார்.

"வந்தவங்கதான்டா இந்த வீட்டத் தூக்கி நிறுத்தியிருக்காங்க. நாளைக்கே தச்சனக் கூப்பிடு."

சொல்லும்போது அவர் நெஞ்சு முன்னைவிட நிமிர்ந்திருந்தது. கர்வத்துக்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வீப்கே அழுதாள்.

நான் சுருளைச் சுற்றும்போது பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"அப்ப அந்தச் சிவப்பு அதோட அத்துப்போச்சா?"

எல்சபைனுக்கு கேஷே என்று ஒரு தங்கை இருந்ததையும், ஒரு கூலிக்காரனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதையும் சொன்னேன். அப்புறம் என்றார்.

"அது வேற வீட்டுக் கதை, பெரியவரே."

வெளியே வந்தேன். கேஷே அன்றைக்கு அதிக தூரம் போய்விடவில்லை. தொழுவத்தைத் தாண்டி, ஓக் மரத்தடியில் இருக்கும் கூலிக்காரர் வீடுவரைதான்.

அந்த வீட்டின் கதவைத் திறந்து என் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சமையலறைச் சுவரில் இன்னொரு சுருள் தொங்குகிறது. உச்சியில் கேஷே. அவளிடமிருந்து சிவப்பு மை ஓர் இடத்திலும் நிற்காமல் இறங்கி என் அம்மாவின் பெயருக்கு வந்து, அங்கிருந்து என் பெயருக்கு வருகிறது.

மூன்று மீட்டர். பஸ் டிக்கெட் போதவில்லை.