பன்னிரண்டாவது கை

"தூங்குறவன் மண்டையில பதினாலு அடி. இது கொலை இல்லன்னா வேற எது கொலை?" என்று கேட்டாள் லொரீன்.

மேசை மேல் போலீஸ் எடுத்த புகைப்படங்கள் கிடந்தன. ராய் மேயர்ஸுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தக் கூழ்தான் இருந்தது. அவனைச் சுத்தியலால் அந்தக் கதிக்கு ஆளாக்கிய மனைவி டெலா கீழே நீதிமன்றத்தில் காத்திருந்தாள்.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்துச் சிற்றூர் அது. தீர்ப்புச் சொல்ல ஜூரியாக அமர்ந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் அவளை விடுவிக்கக் கை தூக்கிவிட்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரீன் மட்டும் மூன்று மணி நேரமாக மசியவில்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் டெலா மறுபடி சிறைக்குப் போய் அடுத்த விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும்.

ராய் பதினொரு வருடம் டெலாவின் தாடையையும் விலாவையும் மாற்றி மாற்றி உடைத்தவன். ஆனாலும் தூங்குகிறவனைக் கொன்றால் தற்காப்பு ஆகாது, சட்டப்படி கொலைதான் என்று நீதிபதி அடித்துச் சொல்லியிருந்தார்.

ஜூரித் தலைவர் வெர்லின் டிராக்டர் வியாபாரி. சாவி இல்லாமல் வாயாலேயே டிராக்டரைக் கிளப்பிவிடுவார். சட்டம் கிடக்கட்டும், நம் மனசாட்சி சொன்னதைச் சொல்வோம், ஏன் என்று எந்த நீதிபதியும் கேட்க முடியாது என்று பாடம் நடத்தினார். அப்படியானால் நாளைக்கு எவள் வேண்டுமானாலும் சுத்தியலைத் தூக்கலாமா என்று லொரீன் மடக்கினாள்.

பன்றி வளர்க்கும் டுவேனுக்குப் பொறுமை போய்விட்டது. காபிக் கோப்பையைச் சுவரில் அடித்தார். சில்லு தெறித்து லொரீனின் கன்னத்தைக் கிழித்தது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

சாட்சிப் பொருளான சுத்தியலைக் கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்கு இதைப் பதினாலு தடவை ஓங்கக் கை வருமா, பயத்தில் தன்னை மறந்துதான் அடித்திருப்பாள் என்றார் வெர்லின்.

"அடிக்கிறப்ப கை வலிக்காது," என்றாள் லொரீன். "அப்புறம்தான் வலிக்கும்."

பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டாள்.

"டெலா இடத்துல வேற எவ இருந்தாலும் இதையேதான் சொல்வீங்களா?"

பதினொரு பேரும் ஆமாம் என்றார்கள். பைபிள் மேல் சத்தியம் செய்யவும் தயார் என்றார் டுவேன். லொரீன் மெல்லக் கையைத் தூக்கினாள்.

விடுதலை என்று தீர்ப்பைப் படித்ததும் டெலா நின்ற இடத்திலேயே சரிந்து அழுதாள். ராயின் தம்பி பெஞ்சைத் தாண்டி ஜூரி மேல் பாய்ந்தான். காவலர்கள் அவனைத் தரையில் போட்டு, மூக்கு உடையும்படி அமுக்கினார்கள்.

வெளியே வந்ததும் வெர்லின் ஜெயித்த களிப்போடு லொரீனின் கூடவே நடந்தார்.

"கடைசியில ஒத்துக்கத்தானே போற, எதுக்கும்மா எங்களை இந்தப் பாடு படுத்தின?"

லொரீன் தன் வண்டியை விட்டுவிட்டு, எதிரே இருந்த ஷெரிஃபின் போலீஸ் அலுவலகத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நம்ம ஊர்ல எனக்கும் பன்னிரண்டு பேர் கிடைப்பாங்களான்னு தெரிஞ்சுக்கணும், வெர்லின். என் வீட்டுக்காரர் காலையிலேர்ந்து கட்டில்ல செத்துக் கிடக்கார்."