ஒரே கடையின் உறை

இவள் ஏன் என்னை முதலில் உறையைக் கழற்றச் சொல்கிறாள்? ஜப்பானின் நகோயா நகரில் ஓர் அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில், மழை நாளின் மங்கிய வெளிச்சத்தில், இப்படி யோசித்தபடி சிகுசா தன் புத்தகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறாள். புத்தகக் கடையில் வழக்கமாகப் போட்டுத் தரும் பழுப்புக் காகித உறைக்குள் இருப்பது இரண்டு பெண்களின் காதல் கதை. சிகுசா யாரிடமும் சொல்லாத ஆசையை முன்பின் தெரியாத ஒருத்தி அதில் எழுதிவைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் சக ஊழியர் கொதோனே, அதே கடையின் உறை போட்ட, அதே தடிமனுள்ள புத்தகத்தை மேசைமேல் வைக்கிறாள். "படிக்கிறப்ப உங்க காது சிவக்குது, சிகுசா சான். சமையல் புத்தகம்னு சொன்னீங்களே, சமையல் குறிப்புக்கு யாருக்காவது காது சிவக்குமா? ரெண்டும் ஒரே புத்தகம்தான்னு தோணுது. நீங்க கழட்டுங்க, நானும் கழட்டுறேன்."

குரல் தணிந்துதான் இருக்கிறது. ஆனால் போன வாரம் இதே மேசையில், வேலையை விட்டுப்போன ஒருத்தியைப் பற்றி, "அவளுக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்குமாம்" என்று யாரோ சொன்னபோது கொதோனே சிரித்தாள். சிகுசாவும்தான் சிரித்தாள். கொதோனேயின் விரல் தன் உறையின் மடிப்பிலேயே நிற்கிறது. அவளும் பயப்படுகிறாளா, வேவு பார்க்கிறாளா என்று தெரியவில்லை. "ஊறுகாய் எடுத்துக்கோங்க" என்று சிகுசா தன் சாப்பாட்டுப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்துகிறாள். சிகுசாவின் புத்தகம் உறையோடு பைக்குள் போகிறது.