இரும்புப் பல்சக்கரம்

“பிளாஸ்டிக் பல்சக்கரம் பழைய மோட்டாருக்குத்தான் தாங்கும்ப்பா. இந்தப் புது பிரஷ்லெஸ் மோட்டார் ஒரே இழுப்புல பல்லையெல்லாம் உதிர்த்துடும்,” என்ற மகன், முழங்கால் உயர ரிமோட் பொம்மை லாரிக்குள் இரும்புச் சக்கரங்களை மாட்டினான்.

“மாட்டு. நேத்து தெருவுல நின்ன மாதிரி இன்னிக்கும் பாதியில நின்னா நம்ம மானம் கப்பலேறிடும்,” என்றார் பெரியவர்.

“எழுபது வயசுல பந்தயம் கேக்குதா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் பெரியவரின் தம்பி வீட்டில் கல்யாணம். வாசலில் லாரியை நிறுத்தி, அதன்மேல் விறைப்பாக உட்கார்ந்து, கால்களைத் தூக்கிக்கொண்டார் பெரியவர்.

“உன் வீட்டுத் தரையில என் கால் படாதுன்னு அன்னிக்கே சொன்னேன். சொன்னா சொன்னதுதான். அதுக்காக, பெரியப்பா இல்லாம பொண்ணுக்குக் கல்யாணமா?”

தம்பி வாசற்படியில் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டார்.

“நேத்து நீங்க சவாரி போனதைப் பார்த்தேண்ணே. அதான் இந்தப் பலகையை அடிச்சு வச்சேன். ஏறி வாங்க.”