இடது அக்குள்

தை முடிந்தும் மலையில் மண் சூடேறவில்லை. தவமணி இரண்டு தடவை ஊன்றிய பாகல் விதைகள் குளிரில் முளைக்காமல் அழுகிப்போயின. மிச்சம் பன்னிரண்டு விதைதான். இதுவும் அழுகினால் இந்த வருஷம் பந்தல் காலி. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள், நகக்கண் வலித்தது.

வீட்டுக்குள் அவள் புருஷன் சென்றாயன் முந்தாநாளிலிருந்து காய்ச்சலோடு கம்பளிக்குள் கிடந்தான். நெற்றியில் போட்ட ஈரத்துணியை எடுத்தபோது அது கொதித்தது. தவமணி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு விதைகளை அந்தத் துணியிலேயே முடிந்து அவனுடைய இடது அக்குளில் வைத்தாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. கைய இடுக்கிட்டு ஆடாமப் படுங்க."

விதை வைத்த மூன்றாம் நாள் வந்த நர்ஸம்மா தெர்மாமீட்டரை உதறிவிட்டு அவன் இடது கையைத் தூக்கப் போனாள்.

"அந்தப் பக்கம் வைங்கம்மா," என்றாள் தவமணி.

நூற்றிரண்டு இருந்தது. ஊசி போட்டுவிட்டு, "நாளைக்கு விட்டுரும்," என்றாள் நர்ஸம்மா.

"நாளைக்கேவா?" என்று கேட்டுவிட்டுத் தவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. தவமணி முடிச்சை அவிழ்த்தாள். ஏழு விதைகள் வாய் பிளந்து வெள்ளை வேரை நீட்டியிருந்தன. சென்றாயன் எழுந்து உட்கார்ந்து அவற்றையே வெகுநேரம் பார்த்தான். கஞ்சிகூட இறங்காத வயிற்றில் இப்போது நல்ல பசி.

"பாக்கி எத்தன?"

"அஞ்சு."

அவன் மறுபடி படுத்துக் கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.