எங்க வீட்டு ஆள்

"அப்பட்டமான பொய் மேடம்! தையல்காரம்மா வீட்டுல அவங்களும் புருஷனும்தான். மூணாவது ஆள் என்ன வானத்துலேருந்தா குதிச்சாங்க?"

மேல்மாடி ரிட்டயர்டு மேனேஜர் போட்ட சத்தத்தில், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது.

அரசாங்க மருத்துவக் காப்பீடு இனிமேல் ஊரில் குடியிருக்கும் எல்லாருக்கும். சான்றிதழ் கிடையாது, சம்பளக் கணக்கு கிடையாது. வீட்டில் குடியிருப்பவர் ஒருத்தர் பக்கத்தில் நின்று, "இவங்க எங்க வீட்டு ஆள்" என்று சொன்னால் போதும். போட்டோ எடுத்து, கையோடு அட்டை. இன்றுதான் கடைசி நாள்.

"பொய் இல்லைம்மா," தையல்காரம்மா கேமராக்கார அதிகாரியிடம் சொன்னாள். "என் தங்கச்சி. இதயத்துல வால்வு கெட்டுப் போச்சு. இந்த அட்டை இருந்தாத்தான் ஆபரேஷன்."

"உங்களுக்கு ஏதும்மா தங்கச்சி?" மேனேஜர் விடவில்லை.

"கூடப் பிறந்தாத்தானா சார்?"

"அப்படிப் போடுங்க! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!"

யாரோ சிரித்தார்கள். மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"என்னைப் பாருங்க. நானும் என் சம்சாரமும். ரெண்டே பேர். முடிஞ்சுது. வீட்டு ஆள்னு ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிட்டா, அப்புறம் வெளியே அனுப்ப முடியாதும்மா, தெரியுமா?"

"அனுப்பறதா இல்லை சார்."

அதிகாரி குறுக்கிட்டாள். "அவங்க உங்க வீட்டுலதான் தங்கறாங்களா?"

"இன்னிக்குலேருந்தும்மா. தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்திட்டு, உள்ரூம்ல அவளுக்குக் கட்டில் போட்டாச்சு."

"கேட்டீங்களா? இன்னிக்குலேருந்தாம்!" மேனேஜர் கைகொட்டினார். "இத்தனை வருஷமா எங்க இருந்தாளாம் அந்தத் தங்கச்சி? வரச்சொல்லுங்க, பார்ப்போம்!"

தையல்காரம்மா மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இறங்கி வாம்மா. மெதுவா."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, மூச்சு வாங்க ஒருத்தி இறங்கி வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மேனேஜருக்குக் குரல் இறங்கிப் போயிற்று. "நீ... நீ எதுக்கு இங்க வந்தே? அடுப்புல பால் இருக்கே!"

"இறக்கி வெச்சிட்டேன்யா."

அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்தனை வருஷமும் உங்க அடுக்களையிலதான்யா படுத்திருந்தேன். எங்க வீட்டு ஆள்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நேத்து உங்களைத்தான் முதல்ல கேட்டேன்."