ரப்பர் மானுக்குச் சொன்ன பிஸ்மி

அரபு நாட்டின் ஹத்தா மலைப் பள்ளத்தாக்கில் வில் பழக வருகிறவர்களுக்காகப் பாறைகளுக்கிடையே ரப்பர் மான்களை நட்டுவைப்பது ரிபாயின் வேலை. அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஆளில்லை. உடன் வேலை பார்க்கும் வில்பிரட் வில்லை நீட்டி, "நீங்களும் ஒண்ணு விடுங்க பாய்" என்றான்.

அம்பை விடும்போது ரிபாயின் வாயில் தானாகவே பிஸ்மில்லாஹ் வந்தது. வேலையாட்கள் தங்கும் கேம்ப்பில் எல்லோருக்கும் கோழி அறுத்துப் பழகிய வாய் அது.

"ரப்பருக்கு எதுக்கு பாய் பிஸ்மி? பிரியாணி போடவா?"

"சும்மா வந்துட்டு தம்பி."

அம்பைப் பிடுங்கப் போனார்கள். மானைச் செருகியிருந்த கம்பிகள் மட்டும் நின்றன. அங்கிருந்து மணலில் குளம்புத் தடமும் ஈரச் சொட்டுகளும் பள்ளத்தாக்கின் உள்ளே போயின.

வில்பிரட்டின் சிரிப்பு அடங்கியது. "கலாஸ் பாய், போதும், ரூமுக்குப் போயிருவோம்."

"அல்லா பேரைச் சொல்லி அடிச்சுட்டேனே. பாதியில விட்டா உயிரு கெடந்து துடிக்கும்."

ரிபாய் இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தடத்தின் பின்னால் நடந்தான். பாறைகள் சிவந்து, மெல்லச் சாம்பல் நிறமாயின. கடைசி வளைவில், தேங்கிய நீரின் ஓரம் அது படுத்திருந்தது. கழுத்தில் அவனே பூசிய பழுப்புப் பெயின்ட். அதனடியில் மூச்சு ஏறி இறங்கியது.

அவனைக் கண்டதும் அது ஓடவில்லை. மெதுவாகப் புரண்டு, தலையைத் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திருப்பி, கழுத்தை நீட்டிக் கொடுத்தது.